நடுநிலை என்பது யார் நிற்கும் நிலை?

எட்டாம் வகுப்பு, பிற்பகலின் முதற் பாடவேளை. சுவரில் உலகப்படத்தை மாட்டி, அதன் தென்கோடியைக் குச்சியால் தொட்டு, "1770-இல் ஆஸ்திரேலியாவைக் கேப்டன் குக் கண்டுபிடித்தார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய வினா-விடைத் தாளில் இருந்த வரி அது. மாணவனாக இருந்தபோது நானும் அதே வரியை ஒப்பித்து ஒரு மதிப்பெண் வாங்கியவன்தான். மூன்றாம் பலகையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

"அதுக்கு முன்னாடி அங்கே ஆளே இல்லீங்களா, சார்?"

"இருந்தார்கள்."

"அப்போ, நாம இங்கேதான் இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வினா என் கூடவே நடந்து வந்தது. கண்டுபிடித்தாராம்! யார் தொலைத்ததை? 50,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் மனிதர் பிறந்து, பேசி, பாடி, மடிந்து வந்த மண்ணை ஒரு கப்பல் தலைவன் கண்டுபிடித்தான் என்று சொல்லும்போது, கண்ணில் பட்டது மண் மட்டுந்தான். மனிதர் படவில்லை என்றல்லவா பொருளாகிறது?

என் மாணவன் கேட்ட இதே வினாவை 2017-ஆம் ஆண்டில் ஒரு நாட்டையே நோக்கிக் கேட்டவர் ஒருவர் உண்டு. சிட்னி நகரத்தின் நடுவே, ஹைட் பூங்காவில், குக்கின் சிலை ஒன்று நிற்கிறது. 1879-இல் நிறுவப்பட்டது. இந்நிலப்பரப்பை 1770-இல் கண்டுபிடித்தவர் இவர் என்று அதன் பீடம் அறிவிக்கிறது. அந்தப் பீடத்தின் முன் நின்று, "அப்படியானால் நாங்கள் யார்?" என்னும் பொருள்படக் கட்டுரை தீட்டினார் ஸ்டான் கிராண்ட் என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர். விராட்ஜுரி என்னும் தொல்குடியில் பிறந்தவர். சிலையை உடைக்கச் சொன்னாரா? இல்லை. சிலை நிற்கட்டும், எழுத்தைத் திருத்துங்கள் என்பதே அவர் வேண்டுகோள். அதற்கே நாடு கொதித்தது. நினைவுச் சின்னங்களின் எழுத்தை மாற்றுவது ஸ்டாலின் முறை என்று அன்றைய தலைமை அமைச்சர் மால்கம் டர்ன்புல் கண்டித்தார். கல்லில் ஒரு பிழை இருந்தால் அது வரலாறு. அதைத் திருத்துவோம் என்று ஒருவர் சொன்னால் அது வன்முறை! விந்தையான அளவுகோல்!

அந்த அளவுகோலைப் பற்றித்தான் எழுத விழைகிறேன். செய்தியாளனுக்கு நடுநிலை வேண்டும் என்கிறார்கள். வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால் தன் மக்களைப் பற்றிய செய்தியை, அம்மக்களுள் ஒருவனே சொல்ல நேர்ந்தால், அவன் எங்கே நிற்க வேண்டும்? அவனுக்கு மட்டும் நடுநிலை என்பது வாய்மூடி நிற்கும் நிலையா? ஸ்டான் கிராண்டின் வாழ்வு இந்த வினாவை நம்முன் வைக்கிறது.

1963-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கிரிஃபித் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். அந்த ஆண்டைச் சற்றே கவனியுங்கள். நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது தொல்குடியினரைச் சேர்த்தெண்ணக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 127-ஆம் பிரிவு அன்று விதித்திருந்தது. 1967-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஒப்பி வாக்களித்த பிறகே அப்பிரிவு நீங்கிற்று. அதாவது, பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசத் தொடங்கிவிட்ட அந்தக் குழந்தை, சட்டத்தின் கணக்கில் அதுவரை சேரவே இல்லை. ஆடுகளை எண்ணினார்கள், கோதுமை மூட்டைகளை எண்ணினார்கள், ஸ்டானைக் கணக்கில் சேர்க்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

தந்தை மர அறுவை ஆலைகளிலும் கிடைத்த இடங்களிலும் உழைத்தவர். வேலை தேடி ஊர் ஊராகக் குடும்பம் பெயர்ந்தது; பள்ளிகள் மாறின. வறுமை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய பொருளன்று, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தத் தந்தையின் இளமையில் நிகழ்ந்த ஒன்றை விட்டுச் செல்ல எனக்கு மனமில்லை.

தந்தையின் பாட்டனார் நேர்த்தியாக உடுத்தும் முதியவர். சாம்பல் நிற மேலங்கி, தலையில் தொப்பி. ஒருநாள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பேரனை, "வீட்டுக்கு வா" என்று தம் தாய்மொழியில், விராட்ஜுரியில், உரக்க அழைத்தார். பின்னால் வந்த காவலர் ஒருவர் அதைக் கேட்டார். முதியவர் சிறையில் அடைக்கப்பட்டார். திருடினாரா? இல்லை. குடித்துவிட்டுக் கலகம் செய்தாரா? இல்லை. தம் பேரனைத் தம் மொழியில் அழைத்தார், அவ்வளவே! அந்நாள் முதல் பேரப்பிள்ளைகளிடம் வெளியிடங்களில் அம்மொழியைப் பேச அவர் அஞ்சினார். ஒரு மொழி எப்படி மடிகிறது என்று கேட்பார் உண்டு. ஒரே நாளில் எவரும் அதைக் கொல்வதில்லை. தாத்தா ஒருவர் தெருவில் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்; பிறகு தொண்டை அடைத்துப் போகிறது.

ஆனால் அந்தப் பேரன் மறக்கவில்லை. ஸ்டான் கிராண்ட் என்ற அதே பெயர் கொண்ட அத்தந்தை, முதுமையில் ஜான் ரடர் என்னும் மொழியறிஞருடன் அமர்ந்து, காதில் எஞ்சியிருந்ததையும் பழைய குறிப்புகளில் கிடந்ததையும் சேர்த்துத் தொகுத்தார். 2010-இல் புதிய விராட்ஜுரி அகராதி வெளிவந்தது. இன்று சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் அம்மொழியும் பண்பாடும் பாடமாக உள்ளன. எந்தச் சொல்லுக்காகச் சிறைவாசமோ, அந்தச் சொல்லுக்குச் சான்றிதழ்! மர ஆலையில் உழைத்த கைகள் செய்த வேலை இது. மகனின் புகழைப் பேசுவோர் தந்தையின் இத்தொண்டை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். என்னைக் கேட்டால், இருவருள் பெரிய செய்தியாளர் தந்தையே என்பேன். புதைந்து கிடந்த செய்தியை அல்லவா அவர் வெளிக்கொணர்ந்தார்!

மகன் கதைக்கு வருவோம். கான்பெரா நகரில் தொல்குடி ஆய்வு நிறுவனம் ஒன்றில் கடிதம் சுமக்கும் பையனாக இருந்தவரைப் பார்த்து, "நீ கல்லூரிக்குப் போ" என்று தூண்டியவர் மார்சியா லாங்டன், அவரும் தொல்குடியினர், அறிஞர். ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்டார்; நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் சென்றார்; செய்தித் துறையில் புகுந்தார். 1992-இல் செவன் என்னும் வணிகத் தொலைக்காட்சியில், நாட்டு நடப்பை அலசும் மாலை நிகழ்ச்சியை நடத்தும் இருக்கையில் அமர்ந்தார். வணிகத் தொலைக்காட்சியின் தலையாய நேரத்தில் அவ்விருக்கையில் அமர்ந்த முதல் தொல்குடி மனிதர் அவர்.

1992! அதே ஆண்டு சூன் 3-ஆம் நாள்தான், மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், இந்நாடு வெள்ளையர் வரும்போது எவருக்கும் உரிமையற்ற வெற்று நிலமாக இருந்தது என்னும் கொள்கையைத் தள்ளுபடி செய்தது. 1788-இல் கொடி நாட்டியது முதல் இருநூற்று நான்கு ஆண்டுகள்! அங்கே ஆள் இருந்தது என்று நீதியின் ஏடு ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று. என் வகுப்புச் சிறுவனுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

2001-இல் சி.என்.என். நிறுவனத்தில் சேர்ந்து ஹாங்காங் சென்றார்; பின்னர் பெய்ஜிங், அபுதாபி. பாகிஸ்தானின் குண்டுவெடிப்புகளையும், போர் நடந்த நாடுகளையும், சீனத்தின் எழுச்சியையும் படம்பிடித்துச் சொன்னார். அயல்நாட்டில் தம்மை ஒருவரும் "தொல்குடிச் செய்தியாளர்" என்னவில்லை, வெறும் செய்தியாளராக நடமாடினேன், மூச்சு விட்டேன் என்று பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். கருதிப் பாருங்கள். காபூலைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. பெய்ஜிங்கைப் பற்றிச் சொல்லத் தகுதி உண்டு. தம் ஊரைப் பற்றிச் சொல்ல வாய் திறக்கும்போதுதான் "நீ ஒரு சார்பினன்" என்கின்றனர். அயலானின் துயரைச் சொன்னால் அவர் திறமைசாலி. தன் துயரைச் சொன்னால் புலம்புபவர்!

திரும்பி வந்தார். 2015-இல் ஆடம் கூட்ஸ் என்னும் தொல்குடிக் காற்பந்தாட்ட வீரர் பந்தைத் தொடும்போதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. அவர் முந்தைய ஆண்டில் நாட்டின் சிறந்த குடிமகன் விருது பெற்றவர். வாரக்கணக்கில் அந்த ஊளை; முடிவில் அவர் ஆட்டத்தை விட்டே போனார். அவ்வாண்டு அக்டோபரில் சிட்னியில் நடந்த சொற்போர் ஒன்றில் ஸ்டான் கிராண்ட் எழுந்தார். நிறவெறி ஆஸ்திரேலியக் கனவை அழிக்கிறதா என்பது பொருள். அழிப்பது மட்டுமா, அந்தக் கனவின் அடித்தளமே அதுதான் என்றார். குறிப்புத் தாளில்லை; கூச்சலில்லை. மொழிக்காகச் சிறை சென்ற முதியவரைச் சொன்னார். நாட்டின் சீருடை அணிந்து உலகப்போரில் பொருதுவிட்டு வந்து, உடன் போரிட்டவரோடு மதுக்கடையில் ஒரே மேசையில் அமர உரிமையற்று நின்ற பாட்டனாரைச் சொன்னார். இன்னொரு பாட்டனாரின் தகரக் குடிசை இடிக்கப்பட்டதையும், அவர் புதைத்த பிள்ளைகளின் கல்லறைமீது எந்திரம் ஏறியதையும் சொன்னார். நாட்டுப்பண் இளமையையும் விடுதலையையும் பாடுகிறதே, எம் மக்கள் இளமையில் சாகிறார்கள், விடுதலையின்றிச் சிறையில் கிடக்கிறார்கள் என்றார். அந்த உரை 2016 தொடக்கத்தில் இணையத்தில் பரவி, நாடே கேட்டது. 2021 சனவரி முதல் நாள், அப்பண்ணில் இளமையைக் குறித்த சொல்லை நீக்கி ஒருமையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்தார்கள். சொல் மாறியது. சிறை? மக்கள்தொகையில் தொல்குடியினர் நூற்றுக்கு மூவரளவே; சிறையிலிருப்போரில் 2023-இல் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள்.

இனி 2023 மே 6. இலண்டனில் மூன்றாம் சார்லசுக்கு முடிசூட்டு விழா. ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி., விழாக் காட்சிகளுக்கு முன் ஒரு கலந்துரையாடலை ஒளிபரப்பியது. முடியாட்சி இந்நாட்டுக்கு விட்டுச் சென்றது என்ன என்பது பேச்சு. முடியாட்சியை விரும்புபவரும் அழைக்கப்பட்டிருந்தார். குடியரசு வேண்டுபவரும் அழைக்கப்பட்டிருந்தார். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற விவாத நிகழ்ச்சியை நடத்திவந்த ஸ்டான் கிராண்டும் அழைக்கப்பட்டிருந்தார். செய்தி வாசிக்க அன்று, கருத்துரைக்க. வாசலைத் திறந்து, "வா, உன் மக்களுக்கு இம்மணிமுடி என்ன பொருள் தருகிறது, சொல்" என்று கேட்டார்கள். சொன்னார்.

என்ன சொன்னார்? மணிமுடியின் பெயரால் தம் மக்கள்மீது போர் நடந்ததைச் சொன்னார். அது கற்பனையா? 1824 ஆகஸ்டு 14-ஆம் நாள், ஆளுநர் தாமஸ் பிரிஸ்பேன், பாதர்ஸ்ட் பகுதியில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். விராட்ஜுரி மக்களின் மண் அது. டிசம்பர் வரை அச்சட்டம் நடந்தது. அவ்வாண்டின் இறுதியில் விண்ட்ரடைன் என்னும் விராட்ஜுரித் தலைவன் தன் மக்களோடு மலை கடந்து பாரமட்டா வந்தான். அவன் தலையிலிருந்த வைக்கோல் தொப்பியில் "அமைதி" என்னும் ஆங்கிலச் சொல் எழுதி ஒட்டப்பட்டிருந்ததாக அன்றைய சிட்னி அரசிதழே அச்சிட்டது. முடியரசின் ஆவணம், முடியரசின் ஆளுநர், முடியரசின் ஏடு! இவற்றை எடுத்துச் சொல்வது சார்பு என்றால், ஆவணக் காப்பகத்தையே சார்புடையதென்று பூட்டிவிடலாம்.

ஆனால் புயல் எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. விழா நாளில் இதையா பேசுவது என்று ஏடுகள் தாக்கின. இணையத்தில் அவர்மீதும் குடும்பத்தார்மீதும் எச்சில் பொழிந்தது, மிரட்டல்கள் வந்தன. நிறுவனத்தின் மேலிடத்தாரில் ஒருவரேனும் பொதுவில் வந்து, "அழைத்தது நாங்கள், அவர் பேசியது உண்மை" என்று உடனே சொல்லவில்லை என்பதே தம்மை வருத்தியதாக அவர் எழுதினார். மே 22-ஆம் நாள், தம் நிகழ்ச்சியின் இறுதியில் நேயர்களை நோக்கித் திரும்பி, என்னைப் புண்படுத்துவது உங்கள் நோக்கமென்றால் அதில் வெற்றி பெற்றீர்கள் என்னும் பொருள்படச் சொல்லி விடைபெற்றார். செய்திப் பிரிவின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். உடன் பணியாற்றியோர் பல நகரங்களில் அலுவலக வாயிலில் திரண்டு நின்றனர். பின்னர் நிறுவனத்தின் குறைகேள் அலுவலர் ஆராய்ந்து, அந்த ஒளிபரப்பில் நெறி மீறல் இல்லை என்று முடிவு கூறினார். தீர்ப்பு வந்தது, இருக்கை காலியாகிவிட்டிருந்தது. ஆகஸ்டில் ஏ.பி.சி.யை விட்டே அவர் நீங்கினார்.

எதிர்த் தரப்பின் வாதத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. அதன் வலுவான வடிவம் இது: செய்தியாளன் தன் காயத்தோடு வந்து நின்றால், நாளை ஒவ்வொருவனும் தன் காயத்தோடு வருவான்; பிறகு செய்தி எங்கே, காயங்களின் கண்காட்சியல்லவா எஞ்சும்? தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பது உலகம் ஒப்பிய முறையல்லவா?

முறைதான். ஆனால் செய்தியாளன் நீதிபதியல்லனே. அவன் சான்று கூறுபவன். அடி வாங்கியவன் நீதிபதியாகக் கூடாது, சான்று கூறலாம். கூறவே வேண்டும். பள்ளியில் அன்றாடம் காண்கிறேன். இரு மாணவர் சண்டையிட்டுக்கொண்டு வருகின்றனர். கன்னம் சிவந்தவனிடம் "நீ பேசாதே, நீ சம்பந்தப்பட்டவன்" என்று சொல்லிவிட்டு, அடித்தவனின் பக்கத்தில் நின்றவனை "நீ சொல், நீதான் பொது" என்று கேட்கும் ஆசிரியர் உண்டு. ஒருமுறை அந்த ஆசிரியன் நானாகவே இருந்திருக்கிறேன். கன்னம் சிவந்த பையன் அன்று என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவன் நான் அடிக்காததைத்தான் எதிர்பார்த்தான் போலும். நான் கேட்காமல் விட்டதை எதிர்பார்க்கவில்லை.

காயமில்லாதவனுக்குச் சார்பு இல்லை என்று யார் சொன்னது? 2022 செப்டம்பரில் அரசியார் எலிசபெத் மறைந்தபோது தொலைக்காட்சிகளில் செய்தி சொன்னோர் பலர் கறுப்புடை அணிந்து வந்தனர்; குரல் தழுதழுத்தவரும் உண்டு. நாள்கணக்கில் அதே ஒளிபரப்பு. எவரேனும் எழுந்து, "உங்கள் துக்கம் நடுநிலைக்கு ஒவ்வாது, வேறு நிறச் சட்டை அணியுங்கள்" என்றார்களா? இல்லையே! அந்தக் கறுப்பு இயல்பு. ஸ்டான் கிராண்டின் தோலிலிருந்த கறுப்பு மட்டும் கட்சி! பெரும்பான்மையின் உணர்வு காற்றைப்போல. எங்கும் நிறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறுபான்மையின் உணர்வு காற்றில் ஏறிய புழுதி. உடனே கண்ணில் பட்டு உறுத்துகிறது. உறுத்துவதைச் சார்பு என்கிறோம், தெரியாததை நடுநிலை என்கிறோம்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அவர் காட்டுவது துலாக்கோல். துலாக்கோலின் இயல்பு என்ன? தட்டுகள் இரண்டும் வெறுமையாக இருப்பதா? வைத்த பொருளின் எடையை உள்ளபடி காட்டுவதா? ஒரு தட்டில் மணிமுடியின் பொன்னும் பவனியும் இசையும் வைக்கப்படுகின்றன. மறுதட்டில் 1824-ஐ வைக்க ஒருவன் கை நீட்டினால், "கோல் சாய்கிறது!" என்று கூவுகிறார்கள். ஐயன்மீர், அது சாய்ந்துதான் இருந்தது. அவன் வைத்ததால்தான் நேராகத் தொடங்கிற்று.

அப்படியாயின் அடிபட்டவன் சொல்வதெல்லாம் உண்மையா? இல்லை, அதையும் அளக்க வேண்டும். சொன்னது மெய்தானா, எதிர்த் தரப்பைக் கேட்டானா, தனக்கும் அதே கோலைப் பிடித்தானா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் ஸ்டான் கிராண்ட் முழுதும் தேறினார் என்று புகழ்பாட மாட்டேன். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் பற்றிய விவாதத்தின்போது, இரஷ்யாவின் பக்கம் பேசிய இளைஞர் ஒருவரை அரங்கை விட்டு வெளியேறச் சொன்னார். வன்முறையை ஆதரித்தார் என்பது அவர் கூறிய காரணம். எனக்கு அது உடன்பாடில்லை. வெறுக்கத்தக்க கருத்தாயினும் அங்கேயே மறுத்திருக்கலாம். ஆளை அகற்றுவது வாதமாகாது. நடுநிலைக்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டிய நாள் அதுவே. ஆனால் அதற்காக அவர் இருக்கை ஆடவில்லை. அவ்வாண்டே அந்நிகழ்ச்சி அவர் பொறுப்புக்கு வந்தது. அயலாரின் போரில் அவர் பொறுமை இழந்தது பொறுக்கப்பட்டது. தம் மக்களின் போரைப் பொறுமையோடு சொன்னது பொறுக்கப்படவில்லை!

தனக்கும் அதே கோல் பிடித்தாரா என்றால், அதில் அவர் நம்மில் பலரை விஞ்சியவர். அவர் குருதியில் நாடுகடத்தப்பட்டு வந்த அயர்லாந்துக் கைதி ஒருவனின் வழியும் உண்டு; வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தியின் வழியும் உண்டு. கறுப்பின் குழந்தையைச் சுமக்கிறாள் என்பதற்காக மருத்துவமனை வாயிலில் திருப்பியனுப்பப்பட்டவள் அப்பாட்டி. அதனால்தான், "நீ தொல்குடியா?" என்று படிவம் கேட்கும் கட்டத்தில் குறியிட மறுக்கிறேன் என்று 2019-இல் ஒரு நூலில் எழுதினார்: ஒரு கட்டத்தை நிரப்பினால் அந்தப் பாட்டியை மறுத்தவனாவேன் என்று. தன் இனத்துக்காக வசை வாங்கியவர், இனம் என்னும் கட்டத்துக்குள்ளும் அடைபட மறுக்கிறார். இரு பக்கத்தாரையும் தன் உடம்பிலேயே சுமப்பவனைவிட நடுவில் நிற்கத் தகுதியுடையவன் யார்?

ஓரிடத்தில் நான் அவரோடு நடக்க முடியவில்லை. ஒளிபரப்பை விட்டு நீங்கியபின் அவர் எழுத்து இறைவனை நோக்கித் திரும்பியது. 2024-இல் வந்த நூல் அவ்வழிப்பட்டது. அரசியலும் செய்தித்தொழிலும் கைவிட்ட இடத்தில் அன்பையும் அருளையும் தேடுகிறார். புண்பட்ட மனிதர் ஆறுதல் தேடுவதை எள்ளி நகையாட நான் துணியேன். ஆனால் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது விண்ணுலகமன்று. ஓர் ஆளுநரின் பேனா. சிறைக் கதவைப் பூட்டியது விதியன்று. ஒரு காவலரின் கை. காவலில் நேர்ந்த 99 சாவுகளை ஆராய்ந்த அரச ஆணையம் 1991-இல் 339 பரிந்துரைகளைத் தந்தது. அதற்குப் பின்னும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் காவலில் இறந்துள்ளனர். இக்கணக்கைக் கேட்க வேண்டிய இடம் மண்ணில்தான் இருக்கிறது. அவரைப் போன்ற கேள்வியாளர் அவ்விடத்தை விட்டு எழுந்தது அவர் குற்றமன்று. ஆனால் இழப்பு இழப்பே.

அவர் எழுந்துபோன அதே 2023-இல், அக்டோபர் 14 அன்று, தொல்குடியினருக்கு நாடாளுமன்றத்திடம் கருத்துரைக்கும் அவை ஒன்றை அரசியல் சட்டத்தில் அமைக்கலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. அதற்கு "குரல்" என்றே பெயர். ஆணையிடும் அதிகாரமன்று, கருத்துச் சொல்லும் வாய்ப்பு. நூற்றுக்கு அறுபதின்மர் வேண்டாம் என்றனர். ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன.

சென்ற கிழமை காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்த அமர்ந்தேன். வினா: ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தவர் யார்? விடைக் குறிப்பில் ஒரு பெயர், ஒரு மதிப்பெண். அந்த மூன்றாம் பலகைச் சிறுவனின் தாள் வந்தது. "அங்கே முன்னமே ஆட்கள் இருந்தார்கள். கேப்டன் குக் 1770-ல் போனார்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையோடு நெடுநேரம் இருந்தேன். விடைக் குறிப்பின்படி அது பிழை. முழு மதிப்பெண் இட்டேன். மறுநாள் காலை, தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "என்ன தம்பி, குறிப்புப்படி திருத்தறதுதானே நம்ம வேலை? நடுநிலையா இருக்க வேண்டாமா?"